மிச்சமிருந்த செருப்பு

விசில் ஊதி எல்லோரும் கரையேறிய பிறகும், காவல் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆணியடித்த பலகையில் ஒரு ஜோடிச் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்பளைச் செருப்பு. புத்தம் புதிது.

லைஃப்கார்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்களாக இருந்தால் பதறியிருப்பார்கள். அவருக்குப் பதற்றமே வரவில்லை.

அலைச்சறுக்கு ஆட எங்கெங்கிருந்தோ பலகையும் கையுமாக வருகிறவர்களுக்கு அந்தக் கடற்கரையில் ஒரே ஒரு சட்டம்தான். தண்ணீரில் இறங்குமுன் செருப்பை ஆணியில் மாட்ட வேண்டும், கரையேறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். “செருப்புக்குக் காவல் இருக்கத்தான் சம்பளமா?” என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

போன சீசனில் ஒரு பெண்ணின் செருப்பு ராத்திரி முழுக்க மணலில் கிடந்தது. விடிந்த பிறகுதான் யார் கண்ணிலோ பட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்குக் கோபுரத்தில் இருந்தவர் இவர்தான். பிறகு சட்டம் போட்டவரும் இவர்தான்.

அதிலிருந்து மனுஷர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், விசில் ஊதுகிறார், அவ்வளவுதான். பெண்டாட்டி எதைக் கேட்டாலும் ஒரு “உம்”. சாம்பாருக்கும் “உம்”, சண்டைக்கும் “உம்”.

“இதை யாரு மாட்டினது, பார்த்தியா?” என்று மீட்புப் படகின் படகோட்டியைக் கேட்டார்.

“நான்தாண்ணே. காலையில உங்க ஏணிக்கு அடியில கிடந்துச்சு. எவனோ அலையைப் பார்த்த வேகத்துல உதறிட்டு ஓடியிருக்கான். சட்டம்னா சட்டம்னு நானே எடுத்து மாட்டினேன்.” அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். “உங்க கம்பி கட்டின செருப்பா இருந்தா நேரா குப்பைத்தொட்டிதான்!”

அவர் சிரிக்கவில்லை. “படகை எடு” என்றார்.

பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்களைத் தலை எண்ணிவிட்டார்கள், யாரும் குறையவில்லை. லாட்ஜ் லாட்ஜாகப் போன் போட்டாகிவிட்டது, எல்லோரும் வந்துவிட்டார்களாம். அப்படியென்றால் தனியாக வந்த எவனோ ஒருவன். அவனைக் கேட்க நாதியில்லை.

பாறைத் திட்டு வந்ததும் லைஃப்கார்டு குதித்தார். முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். பாறை முழங்காலைக் கிழித்ததை, படகில் ஏறிய பிறகு படகோட்டி சொல்லித்தான் பார்த்தார்.

“போதும்ண்ணே. வெளிச்சம் போயிட்டிருக்கு.”

“இன்னும் ஒரு சுத்து.”

“யாருன்னு தேடுறது? பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது.”

“செருப்பு அங்க இருக்குல்ல? அப்ப ஆளு உள்ளதான் இருக்கான்.”

இந்த ஒருவனையாவது உயிரோடு இழுத்து வந்துவிட வேண்டும். மனசுக்குள் அது ஒன்றுதான் ஓடியது. ஆனால் அதுகூட வேறு யாருக்கோ நேர்ந்தது போலத்தான் ஓடியது. பயமாவது வந்து தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். வரவில்லை.

இன்னொரு சுற்றும் சுற்றி, வெறுங்கையோடு கரைக்கு வந்தார்கள். புருஷன் இன்னும் வீடு திரும்பவில்லையே என்று அவர் மனைவி பிளாஸ்க்கும் துண்டுமாகக் கோபுரத்தடியில் நின்றிருந்தாள்.

“என்ன ஆச்சு? எல்லாரும் ஒரு மாதிரி நிக்கிறாங்க?”

“ஒருத்தரைக் கடல் கொண்டுபோயிருச்சு போல, அண்ணி,” என்றான் படகோட்டி. “அந்தச் செருப்பு மட்டும்தான் மிச்சம். நானும் அண்ணனும் தேடாத இடமில்ல.”

அவள் செருப்பைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கால்களைப் பார்த்தாள். ஈர மணலில் அவர் வெறுங்காலோடு நின்றிருந்தார்; முழங்காலிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். ஆணியிலிருந்து செருப்பை எடுத்து, மணலைத் தட்டி, அவர் காலடியில் வைத்தாள்.

“பழசு பிஞ்சு தொங்குதேன்னு தூக்கிப் போட்டுட்டு, நேத்து இதை வாங்கி வாசல்ல வச்சேன்.” துண்டால் அவர் முழங்கால் ரத்தத்தை ஒற்றினாள். “இதைப் போட்டுக்கிட்டுத்தானேங்க காலையில வந்தீங்க?”