படத்தில் அடங்காத குடும்பம்

மண்டபத்துக்குக் கிளம்புமுன் வீட்டு வாசலில் குடும்பப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று கல்யாணப் பெண் செல்வி ஒற்றைக்காலில் நின்றாள். வடகரையில் காலையிலிருந்தே சாரல்.

“எல்லாரும் அடங்க மாட்டேங்கு அண்ணாச்சி. வைடு லென்ஸ் கொண்டு வரல. இன்னும் பின்னால போணும்” என்றான் தென்காசி போட்டோகிராபர் பென்னி.

“தெருவுல நில்லுடே” என்றார் பெண்ணின் அப்பா சுடலைமுத்து.

“கேமரா நனைஞ்சிரும். எதிர்வீட்டு நடையில நின்னுக்கிடுதேன்.”

சுடலைமுத்துவின் முகம் சுண்டிப்போனது. அது தம்பி பேச்சிமுத்துவின் வீடு. வயலுக்குத் தண்ணீர் திருப்பிய தகராறில் பேச்சு நின்று ஆறு வருடம். கல்யாணப் பத்திரிகைகூட அந்த வாசலுக்குப் போகவில்லை.

அதற்குள் பென்னி அங்கே ஏறிவிட்டான். பேச்சிமுத்துவே ஸ்டூல் எடுத்துப் போட்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

“எல்லாரும் கேமராவைப் பாருங்க!”

கேமராவைப் பார்த்த சுடலைமுத்து, அதற்குக் கீழே தம்பியின் முகத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. தலை நன்றாக நரைத்திருந்தது. மணக்கோலத்தில் நின்ற செல்வியைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றான்.

“ஏலே பேச்சி, அங்கன நின்னு என்னல பாக்குத? இங்கன வந்து பிள்ள பக்கத்துல நில்லு!”

சாரலில் நனைந்துகொண்டே ஓடிவந்தான் தம்பி.

படம் எடுத்து முடிந்ததும், திறந்து கிடந்த கேமரா பைக்குள் குட்டையாக இன்னொரு லென்ஸ் இருப்பதைக் கவனித்தார் சுடலைமுத்து.

“இது என்னதுடே?”

பென்னி தலையைச் சொறிந்தான்.

“வைடு லென்ஸ்தான் அண்ணாச்சி. அதை வெளிய எடுக்கவே கூடாதுன்னு ஒங்க மக நேத்தே போன்ல சொல்லிட்டாவ.”