எவரையும் வருத்தாத பாதை

நகரத்தின் அடியில், வேர்கள் மெல்ல அசையும் இருளில், பெருச்சாளி ஒரு விரைவுப் பாதையைத் திட்டமிட்டது. மனிதர்களின் மெட்ரோவைப் பார்த்து வந்த ஆசை அது. வெள்ளம் வரும்போது தாழ்நிலத்து உயிர்கள் அனைத்தும் அதன் வழியே மேட்டுக்குத் தப்பிவிட வேண்டும்.

மண்சுவரில் நேர்கோடு ஒன்றைக் கீறிவிட்டு, அது எறும்பரசியிடம் சென்றது.

“நிலையம் என் வாசலிலேயே அமையட்டும். பாதை மட்டும் புற்றுக்கு அடியில் வரக்கூடாது, முட்டைகள் அதிரும்,” என்றாள் அரசி.

கோடு சற்று வளைந்தது.

“அவளுக்கு வாசலில், எனக்கு மட்டும் ஊர்க்கோடியிலா?” என்றது தேரை. “என் வளைக்கு அடியிலும் வேண்டாம், அண்ணா. தூக்கம் கெடும்.”

கோடு மேலும் வளைந்தது. மண்புழுவோ கேட்பதற்கு முன்பே மறுத்துவிட்டது.

பெருச்சாளி எவரையும் வருத்தாமல் தோண்டி முடித்தது. திறப்பு விழாவில் அனைவரும் அதைப் பாராட்டினர்.

வெள்ளம் வந்தது. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து, வெதுவெதுப்பான இருளில், கனவில் நடப்பவை போல நெடுநேரம் நடந்தன. தேரை பின்னால் தாவியது. இறுதியில் வெளிச்சம் தெரிந்தது.

“மேடு வந்துவிட்டதா?” என்று கேட்டாள் அரசி.

முன்னால் சென்ற பெருச்சாளி தலையை நீட்டிப் பார்த்தது.

“உங்கள் வாசல்தான், அம்மா,” என்றது.

தண்ணீர் அவர்களுக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது.