ஆயுள் தலைவருக்கு ஒரு கோயில் பேர்

"நான் தலைவராய் இருக்குமட்டும் உந்தக் கலியாணம் நடவாது!"

"அப்பா, நீங்கள் ஆயுள் தலைவரெல்லோ?"

"ஓம். அப்ப எத்தினை வருசமெண்டு நீயே கணக்குப் பாரன்!"

கனடாவின் மில்லிக்கனில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குச் சுவர் மெல்லியது. தங்கத்துரையின் குரலுக்கு அந்தச் சுவரும் ஒரு பொருட்டல்ல. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போன அயலவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒட்டுக் கேட்பதற்காக அல்ல. அன்றைக்கென்று பார்த்துத் தொட்டி சற்றுப் பாரமாக இருந்தது.

விஷயம் இதுதான். மகன் லவன், விவியன் என்ற சீனப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று நிற்கிறான். தகப்பனுக்கோ மூத்தோர் மன்றம்தான் உலகம். மன்றத்தைத் தொடங்கியவர் தங்கத்துரை. 'உயிர் உள்ளவரை இவரே தலைவர்' என்று அதற்கு விதி எழுதியவரும் அவரே. வேறு ஒருவரையும் நம்ப முடியாமல் மனைவி மனோரஞ்சிதத்தையே உபதலைவர் ஆக்கி வைத்திருந்தார்.

"சீனப் பெட்டையை மருமகளெண்டு கூட்டிக்கொண்டு மன்றத்துக்கு என்னெண்டு போறது? சனம் சிரிக்காதோ?" என்றார் தங்கத்துரை. மீன் வாங்கச் சீனக் கடையை விட்டால் வேறு கடை தெரியாத மனிதர்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறன்" என்றார் மனோரஞ்சிதம், சண்டையே நடக்காததுபோல.

விவியன் வந்தாள். பல்கலைக்கழகத்தில் சீன வரலாறு படிப்பிக்கிறவள். லவனோடு பழகிப் பிடித்த தமிழும் கைவசம் இருந்தது. தங்கத்துரை அவளுக்கு முகம் கொடுக்காமல் ரீவியைச் சத்தமாக வைத்தார்.

"அங்கிள், மன்றத்தைத் துவங்கினது நீங்களோ?"

"வேற ஆர்?" ரீவிச் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"சீனாவில ராசாக்களுக்குக் கோயில் பேர் எண்டு ஒண்டு வைப்பினம். வம்சத்தைத் துவங்கினவருக்கு 'தைசு' எண்டு பேர். பெரிய மூதாதை எண்டு அர்த்தம். பலகையில எழுதி மூதாதையரின்ர கோயில்ல வைச்சுக் கும்பிடுவினம்."

"பின்னால வந்தவைக்கு?"

"அவைக்கு வேற பேர். தைசு, துவங்கினவருக்குத்தான்."

"எங்கட பொருளாளர் கோணேஸ்வரனுக்குக் கிடையாது?"

"கிடையவே கிடையாது."

ரீவி நின்றது. தேத்தண்ணிக்குக் கடிக்க வைத்திருந்த மீன் ரோல்ஸ் தட்டு விவியன் பக்கம் நகர்ந்தது.

"அதை எனக்கு நானே வைக்கலாமோ?"

"ஏலாது அங்கிள். சபை கூடித்தான் வைக்கோணும். அதுக்கு முழு முறை இருக்கு. அரைகுறையாய்ச் செய்யக்கூடாது."

"அரைகுறையோ? ஒண்டும் விடாமல் முழு முறைப்படி நடக்கோணும்!" தங்கத்துரை எழுந்தே விட்டார். பிறகு ஞாபகம் வந்து மகனை முறைத்தார். "கலியாணக் கதை வேற. நான் தலைவராய் இருக்குமட்டும் அது இல்லை."

"அதை மன்றத்திலயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றார் மனோரஞ்சிதம். "சனத்துக்கும் தெரியட்டும்."

அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் சிவப்புப் பலகை, அதில் சீனத்திலும் தமிழிலும் பொன் எழுத்து, முன்னால் ஊதுபத்தி.

"பேர் வைக்கச் சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார் கோணேஸ்வரன். முதலில் உயர்ந்தது தங்கத்துரையின் கை. அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் கோணேஸ்வரன் இரண்டு கையையும் தூக்கியதுதான் பலருக்கு ஆச்சரியம்.

மனோரஞ்சிதம் பலகைக்கு மாலை போட்டு, "தைசு தங்கத்துரை" என்று உரத்து வாசித்தார். தேத்தண்ணி வரும்வரை நித்திரை கொள்கிற சனம் அன்றைக்கு எழுந்து நின்று மூன்று தரம் குனிந்து வணங்கியது.

தங்கத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்தார். "நான் தலைவராய் இருக்குமட்டும் என்ர வீட்டில சீன மருமகள் இல்லை. சபைக்கு முன்னால வாக்குத் தாறன். ஆனா சீனப் பேர், அது வேற!"

தன் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டலை அவர் கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பித் தன் கதிரையில் இருக்கப் போனார். அதில் மனோரஞ்சிதம் இருந்தார்.

"எழும்பு, உது தலைவரின்ர கதிரை."

"தெரியுமப்பா. அதுதான் இருக்கிறன்."

"உயிர் உள்ளவரைக்கும் எண்டது நீங்கள் எழுதின விதிதானே அண்ணை?" என்று கோணேஸ்வரன் பலகையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

மேடை ஓரத்தில் லவனோடு நின்ற விவியன் பணிவாகக் குனிந்தாள். "கோயில் பேர், ராசா செத்தாப்பிறகுதான் வைக்கிறது அங்கிள். அடுத்ததாய்க் கதிரையில ஏறுற ஆள்தான் வைக்கிறது."

ஆவணியில், தலைவி மனோரஞ்சிதத்தின் தலைமையில் கலியாணம் முடிந்து, லவனும் விவியனும் யூனியன்வில்லுக்குக் குடிபோனார்கள். கதிரை போனாலும் பேரை விட மனமில்லாத தங்கத்துரை, கலியாண மண்டப வாசலில் அந்தப் பலகையை நெஞ்சோடு அணைத்தபடியே சம்பந்தியை வரவேற்றார். விவியனின் தாய் அதை வாசித்து, மூன்று தரம் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் மெல்லக் கேட்டாராம், "பாவம், எப்ப காலமானவர்?"