கத்தரிக்குத் தப்பிய பெயர்

ஆசிரியருக்கு அலுவலகத்தில் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். கட்டுரையில் சொந்தக் கருத்து லேசாகத் தலைகாட்டினாலும் நறுக்கிவிடுவார். அன்று அவரிடம் மாட்டியது, நடைமேம்பாலம் பற்றி ஒரு பெண் நிருபர் எழுதியது. திறந்து மூன்றே மாதத்தில் படிக்கட்டு இடிந்து, இரண்டு பேருக்குக் கால் முறிந்திருந்தது.

“‘மனசாட்சி இல்லாத இன்ஜினியர்’... இது செய்தியாம்மா, சாபமா?”

“அதை வேணா வெட்டுங்க சார். அவர் பேரு இருக்கணும்.”

“பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு? ‘அதிகாரி ஒருவர்’னு போட்டா குடியா முழுகிடும்?”

“சிமென்ட் சரியில்லைன்னு ரிப்போர்ட் வந்தும், ‘பாலம் உறுதி’ன்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டிருக்கார். கருத்தை வெட்டுங்க, உண்மையை வெட்டாதீங்க.”

பக்கத்து மேசைகளில் விரல்கள் ஓய்ந்து, காதுகள் வேலைக்கு வந்தன.

“அவர்கிட்ட விளக்கம் கேட்டியா?”

“கேட்டேன். பதில் சொல்லாம எழுந்து போயிட்டார். அதையும் எழுதியிருக்கேன்.”

கத்தரி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “அது அவர் கையெழுத்துதான்னு என்ன நிச்சயம்? நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே வந்திருந்தாள். கைப்பையிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்து, கட்டுரையோடு இணைத்திருந்த சான்றிதழ் நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் அதே சுழி, அதே நீண்ட வால்.

“என் பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டு சார். ‘பெற்றோர் கையெழுத்து’ன்னு இருக்கு பாருங்க.”

கத்தரி அட்டையையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“‘மனசாட்சி இல்லாத’ன்னது மக எழுதினது, வெட்டிடுங்க. பேரு நிருபர் எழுதினது. அது நிக்கட்டும்.”