திங்கட்கிழமைத் திக்கல்

கார் இன்ஜின் திக்கித் திணறினால் அதற்குக் காரணம் ஸ்பார்க் பிளக் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய பிழை இத்தனை காலம் திருத்தப்படாமல் கிடப்பது வருத்தத்துக்குரியது.

காரணம், மாமனார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்தியதும் அந்த மருமகள் அப்படித்தான் சொன்னாள்.

"பிளக்கைக் கழட்டாதீங்க அண்ணே. போன தடவையே மாத்திட்டீங்க. இது எங்க மாமனார் வேலை."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். இருபது வருடத் தொழிலில் இப்படி ஓர் உதிரிபாகத்தை அவர் கேள்விப்பட்டதில்லை.

"என்னம்மா சொல்றீங்க?"

"திங்கக்கிழமை மட்டும்தான் திக்குது. செவ்வாய்க்கிழமை சரியாயிடுது. புதன்கிழமை உங்ககிட்ட கொண்டுவந்தா ஒண்ணுமே தெரியாத பச்சப்புள்ள மாதிரி நிக்குது. இன்ஜினுக்குக் கிழமை தெரியுமா?"

"தெரியாது."

"மாமனாருக்குத் தெரியும்."

அவளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. எட்டு மணிக்குக் கையெழுத்து போட வேண்டும். மூன்று திங்கட்கிழமை தாமதம். இன்னும் ஒன்று தாமதமானால் வேலை நிரந்தரமாகாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தத் திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, திக்கத் திக்க நேரே இங்கே ஓட்டி வந்திருந்தாள்.

மாமனார் பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் டீசல் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, "இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டுப் போய்ச் சம்பாதிக்கணுமா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அதோடு நேர்ப் பேச்சு நின்றது. ஆறு மாதமாக எல்லாம் மகன் வழியாகத்தான். சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரிலேயே, "உப்பு கம்மின்னு அவகிட்ட சொல்லு" என்பார்.

"வாய்ச்சொல்லா சொல்லலண்ணே. சாட்சி இருக்கு" என்று போனை நீட்டினாள்.

நேற்று சாயங்காலம் மாடி ஜன்னலில் போனைச் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். பிறகு போட்டுப் பார்த்தாள். மாமனார் வருகிறார். அக்கம்பக்கம் பார்க்கிறார். பானட்டைத் தூக்குகிறார். உள்ளே கையை விடுகிறார்.

அந்த இடத்தோடு நிறுத்திவிட்டாள். சாட்சி கிடைத்த பிறகும் மேற்கொண்டு விசாரிப்பது நீதிமன்றங்களின் பழக்கம். குடும்பங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

"வீட்டுக்காரர் பார்த்தாரா?"

"சாயங்காலம் காட்டப் போறேன். அப்பா இருக்கணுமா, நான் இருக்கணுமான்னு அவரே சொல்லட்டும்."

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டார். அது குலுங்கிக் குலுங்கி ஓடியது. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களின் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினார். முதலாவதைப் பிடுங்கியபோது இன்ஜின் அலறியது. இரண்டாவதற்கும் அலறியது. மூன்றாவதற்குக் கண்டுகொள்ளவேயில்லை.

"இவன்தான். சம்பளம் வாங்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கான்."

இன்ஜினை நிறுத்தி, காயிலை உருவினார். நுனி ஈரம். பிளக் குழிக்குள் டார்ச் அடித்தார். அடியில் தண்ணீர் மினுங்கியது.

"இன்ஜினைக் கழுவுறீங்களாம்மா?"

"நான் கார் மேல இருக்கிற தூசியையே தட்டறதில்லை. இன்ஜினை யாரு கழுவுவா?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வீடியோவை முழுசாப் போடுங்க."

போட்டாள். உள்ளே போன கை ஒரு காய்ந்த இலையோடு வெளியே வந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் வந்தது. இன்ஜினை அவர் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினார். தன் துண்டாலேயே துடைத்தார். பானட்டை மூடி அதன்மேல் கையை வைத்தார். டீசல் சத்தத்தில் பாதிக் காது போன மனிதர்; ரகசியம் பேசினாலும் மாடிவரை கேட்கும்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நம்ம புள்ள வேலையில இருக்கணும். மூணு வாரமா லேட்டாம், பாவம். இந்தத் தடவையாவது நடுரோட்டுல அவ மானத்தை வாங்காம ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேரு."

வீடியோ முடிந்தது. மெக்கானிக் டார்ச்சைத் தேவையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டார்.

"டிப்போல வண்டி டூட்டிக்குப் போறதுக்கு முன்னால கழுவித்தாம்மா அனுப்புவாங்க. அந்த டீசல் இன்ஜின்ல பிளக்கே கிடையாது. எவ்வளவு தண்ணி அடிச்சாலும் ஓடும். இது பெட்ரோல். காயிலைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல் கிழிஞ்சிருக்கு, தண்ணி இறங்கிடுது. திங்கக்கிழமை ஓடின சூட்டுல காஞ்சிடுது. இனிமே கழுவாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேட்டானதே தன்னாலதான்னு அவருக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தவள், முடிக்கவில்லை. "கழுவினாலும் தண்ணி இறங்காத மாதிரி பண்ண முடியுமாண்ணே?"

"நாலு காயிலுக்கும் புது சீல் போட்டா இறங்காது. ஆனா, சொல்றது சுலபமாச்சே?"

"நாலுக்கும் போட்டுடுங்க."

சாயங்காலம் கணவன் கேட்டான்: "என்னமோ காட்டணும்னியே?"

"வண்டி சரியாயிடுச்சு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே பானட் திறக்கும் சத்தம் கேட்டது. மருமகள் எழுந்துபோய் மாடி ஜன்னலைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை ஆய்வகப் பதிவேட்டில் அவள் கையெழுத்து ஏழு ஐம்பதுக்கு விழுந்தது.