மேம்பாலத்தில் இரண்டு கிளட்ச்

ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குள் இரண்டு கிளட்ச் இருந்தன, அண்ணனும் தம்பியுமாக. ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்கள் அண்ணன் பொறுப்பு. இரண்டு, நான்கு, ஆறு தம்பி பொறுப்பு. ஒருவன் இன்ஜினை விடும்போதே மற்றவன் பிடித்துக்கொள்வான். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில்கூட ஒரு குலுக்கல் தெரியாது.

அன்று மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. முன்னால் சாண் தூரத்தில் தண்ணீர் லாரி. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர். அதை ஓட்டிவந்த பெண்ணின் முன்னால், வண்டியிலேயே ஒரு குழந்தை நின்றது.

கார் ஊர்ந்தது. அண்ணன் பாதி பிடித்து, பாதி விட்டு, சூடேறிக்கொண்டிருந்தான்.

"முழுசாப் பிடிச்சா லாரியில இடிச்சிடுவோம். நீ வாங்கிக்கிறியாடா?"

"லாரி நகர்ந்தா வாங்கிக்கிறேன். நின்னுட்டா நீங்களே வச்சுக்குங்கண்ணே."

"இப்ப நகருதா, நிக்குதா?"

"தெரியலையே."

லாரி அரை அடி நகர்ந்தது. தம்பி வாங்கிக்கொள்வான் என்று அண்ணன் விட்டான். அதற்குள் லாரி நின்றது. அண்ணனே வைத்துக்கொள்வான் என்று தம்பி சும்மா இருந்தான்.

கார் பின்னால் உருண்டது. ஸ்கூட்டரின் ஹாரன் இடைவிடாமல் அலறியது. அதன் முன்சக்கரத்தை பம்பர் தொடும் நேரத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். குழந்தை அழ ஆரம்பித்தது.

"நான் விட்டதை நீ பார்க்கலையா?"

"பார்த்தேண்ணே. திரும்பப் பிடிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

முன்னால் லாரி அசைந்தது. டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.