ஆறே மாதத்தில்

“நம்ம முடி எண்ணெய்தான் ஆன்லைன்ல நம்பர் ஒன்!”

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. போனும் கையுமாக ஓடிவந்தான். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மனைவி பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் உன் ரெண்டு போட்டோ பண்ற வேலைதான். சொட்டைத் தலையோட ஒண்ணு, இடுப்பு வரைக்கும் முடியோட ஒண்ணு. ஜனங்க அள்ளிட்டுப் போறாங்க!”

“சந்தோஷம்.”

“ஒரு அம்மா கேட்டிருக்காங்க, ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல எத்தனை மாசம் ஆச்சுன்னு. என்ன போடட்டும்?”

“ஆறு மாசம்.”

“நம்புவாங்களா?”

“ஏன் நம்ப மாட்டாங்க? அது ஒண்ணுதானே அதுல நிஜம்.”

லேபிளைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தாள். ஃபேன் காற்றில் நாலைந்து முடிகள் மட்டும் ஆடின.

“முடியோட இருக்கிறது நம்ம கல்யாணத்தன்னிக்கு எடுத்தது. அதுக்கப்புறம் ஆறு மாசம் இதே எண்ணெயைத்தானே என் தலையில தேச்சுப் பார்த்தீங்க?”

அவன் போனிலிருந்து நிமிரவில்லை.

“ஆறு மாசம்... போட்டாச்சு. சீக்கிரம் துணியைக் கட்டு, கூரியர்காரர் வர்ற நேரம்.”